அளவறிந்த இல்லறம்





இல்லறத்தார் வாயிலில் இன்று மூன்று கடமைகள் ஒரே வேளையில் வந்து நிற்கின்றன. உற்றாரையும் பெற்றோரையும் சென்று காண்பது ஒன்று. வாழும் இல்லத்தைத் தூய்மையாகவும் ஒழுங்காகவும் பேணுவது மற்றொன்று. ஊதியம் தரும் பணியைக் குறைவறச் செய்வது இன்னொன்று. மூன்றும் நல்லவையே. ஒன்றைச் செய்யுங்கால் மற்ற இரண்டும் குறைபட்டு நிற்பதும், அக்குறை நெஞ்சை அரிப்பதுமே இன்று நம் குடும்பங்களில் காணும் துன்பம். இதற்கு ஜினதருமம் காட்டும் வழி என்ன என்பதை இங்குச் சற்று ஆராய்வோம்.

நம் முன்னோர் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் உழவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தனர். ஊரில் ஜினாலயம், அதனைச் சுற்றி உறவினர் இல்லங்கள், நடந்து சென்றால் வயல் என்று அவர்தம் வாழ்க்கை அமைந்திருந்தது. உறவைக் காணத் தனியே நாள் குறிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியிலேயே பெரியப்பாவின் உடல்நலம் கேட்டறிந்துவிடலாம். அத்தை வீட்டுத் திண்ணையில் சிறிது அமர்ந்து வரலாம்.

அவர்தம் மக்களும் பேரர்களும் இன்று பிழைப்பு நாடிப் பல நகரங்களில் வாழ்கின்றனர். கோவை அவற்றுள் ஒன்று. 1888இல் முதல் நூற்பாலை தோன்றி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகி, பின்னர் மோட்டார், பம்பு முதலிய பொறித் தொழில்களாலும் கல்லூரிகளாலும் வளர்ந்து, 2010இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் கணினித் தொழிலிலும் முன்னேறிய நகரம் அது. உழைப்பவர்க்குச் சோறிடும் ஊர். ஆயின் அங்கிருந்து திண்டிவனம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் என்று இரவெல்லாம் பேருந்தில் சென்று, மீண்டும் இரவெல்லாம் திரும்பி, காலையில் பணிக்குச் செல்வோர் பலர். ஊரில் முதியோர் தனித்திருக்கின்றனர். கோவையில் வீடு துப்புரவின்றிக் கிடக்கிறது. அலுவலகத்தில் வேலை காத்திருக்கிறது.

இந்நிலையில் எல்லோர் வாயிலும் வரும் ஒரே சொல், 'நேரம் இல்லை' என்பது. நம் நூல்கள் ஒரு நாளை முப்பது முகூர்த்தங்களாகப் பகுக்கின்றன. ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை. அதாவது 48 நிமிடம். ஆறு கண்டங்களை ஆண்ட பரத சக்கரவர்த்திக்கும் முப்பது முகூர்த்தமே. களத்து மேட்டில் நெல் தூற்றிய ஏழைக்கும் முப்பது முகூர்த்தமே. காலம் எவர்க்கும் சுருங்குவதில்லை. அதனுள் நாம் திணிப்பவையே பெருகிவிட்டன. ஆகவே விரைந்து ஓடுவது இந்நோய்க்கு மருந்தாகாது. அளவு செய்துகொள்வதே மருந்து.

விரதம் என்பது அளவே

இல்லறத்தார்க்குரிய விரதங்கள் பன்னிரண்டு: அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. இவற்றை நோன்பு நாள்களில் மட்டும் நினைவுகூரும் பட்டியலாக நாம் கருதிவிட்டோம். உற்று நோக்கினால், இவை இல்லற வாழ்வின் நெருக்கடிக்கென்றே வகுக்கப்பட்ட கருவிகள் என்பது புலப்படும். துறவிக்கு முற்றத் துறத்தல் விதி. இல்லறத்தானுக்கு அளவு செய்தலே விதி. பொருளை அளவு செய்க, செல்லும் எல்லையை அளவு செய்க, நுகர்வை அளவு செய்க, பயனில் செயலை விடுக என்பனவே அவ்விரதங்களின் சாரம்.

இவ்வாறு அளவு செய்வதால் ஆன்மாவுக்கு வரும் வினைகள் குறைகின்றன என்பது உண்மை. அதனோடு கண்கூடான மற்றொரு பயனும் உண்டு. அளவு செய்தவனுக்கு வாழ்நாளில் இடம் கிடைக்கிறது. அவ்விடத்தில்தான் பணிவிடையும் வழிபாடும் நூலோதலும் அமர முடியும்.

பொருளுக்கு அளவு

இல்லம் பேணுதல் ஏன் இத்துணைச் சுமையாயிற்று? வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் நம்மிடம் காலத்தைக் கூலியாகக் கேட்கிறது. துடைக்க வேண்டும், அடுக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும். திருமணத்திற்கு வந்த பாத்திரங்கள் பரணில் உறங்குகின்றன. உடுத்தாத ஆடைகள் பீரோவை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பழுதான பழைய மின்விசிறியும் உடைந்த நாற்காலியும் 'எதற்காவது ஆகும்' என்று மாடிப்படிக்கடியில் காத்துக் கிடக்கின்றன. அவற்றினிடையே எறும்பும் கரப்பும் சிலந்தியும் குடியேறுகின்றன. பின்னர் அவற்றை நீக்கப் புகும்போது, வேண்டாத உயிர்க்கொலையும் நேர்கிறது. மிகுபொருள் வேட்கையிலிருந்து கொல்லாமை விரதத்தின் ஊறு எவ்வாறு பிறக்கிறது என்பதை நம் வீட்டுப் பரணே காட்டிவிடும்.

பரிக்கிரக பரிமாணம் என்னும் ஐந்தாம் அணுவிரதத்தை இதற்கு மருந்தாகக் கொள்வோம். ஓராண்டு முழுதும் எடுத்தாளாத பொருளை, அது எவர்க்குப் பயன்படுமோ அவரிடம் சேர்த்துவிடுதல் நன்று. உணவு, மருந்து, நூல், அபயம் என்று நால்வகைத் தானம் கூறப்படுகிறது. நம் வீட்டில் தேங்கும் நூல்கள் படிக்கும் பிள்ளைக்குச் சென்றால் அது நூல் தானத்தின் பாற்படும். பொருள் குறைந்த வீட்டில் காலையில் அரைமணி நேரப் பெருக்கலும் துடைத்தலும் போதும். தண்ணீரை வடிகட்டி ஆளுதல், உண்ட கலத்தை இரவெல்லாம் ஊறவிடாது கழுவிக் கவிழ்த்தல், ஈரத்தைத் தேங்கவிடாமை ஆகிய நம் பழைய வழக்கங்கள் வீட்டைத் தூயதாக்குவன, சிற்றுயிர்களைக் காப்பன, மறுநாள் வேலையையும் பாதியாகக் குறைப்பன.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகள் இன்று பல. ஆயினும் மாலையில் வீடு திரும்பியபின் அடுப்படியும் துடைப்பமும் பெண்ணுக்கே என்று விடப்படுகின்றன. மாமியாரின் மருந்தை நினைவில் வைத்திருப்பவளும் அவளே. பிறந்த வீட்டிற்கும் புகுந்த வீட்டிற்கும் தொலைபேசியில் நலம் கேட்பவளும் அவளே. ஒருவர் மேல் மூவர் சுமையை ஏற்றுவது அகிம்சையாகாது. எறும்புக்கு இரங்கும் நாம் இல்லாளின் களைப்பைக் காணாதிருத்தல் தகுமோ?

'ஆண்மகன் துடைப்பம் எடுப்பதா?' என்று தயங்குவோர், நம் முனிவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். உலகத்தார் தொழும் திகம்பர முனிவர், தாம் அமரும் இடத்தைத் தம் கையிலுள்ள மயிற்பீலியால் தாமே மெல்ல வருடித் துப்புரவு செய்த பின்னரே அமர்கிறார். அப்பணிக்கு அவர் ஏவலரை அழைப்பதில்லை. அரசரும் வணங்கும் கை செய்யும் பணி, நம் கைக்கு இழிவாகுமா? வீட்டில் உள்ள ஆடவரும் வளர்ந்த பிள்ளைகளும் தமக்குரிய பங்கை விரதமெனவே ஏற்றுச் செய்யட்டும்.

போக்குக்கு எல்லை

இனி உறவினரைக் காணும் பயணங்களைப் பார்ப்போம். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்தால் அழைப்பிதழ்கள் குவிகின்றன. திருமணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதணி விழா, புதுமனை புகுவிழா என ஒவ்வொன்றுக்கும் செல்லாவிடில் வருத்தம். சென்றால் விடுப்பு தீர்ந்துபோகிறது. இவ்வாறு ஓடி ஓடி விழாக்களுக்கெல்லாம் சென்றவர், ஊரில் நோயுற்றுக் கிடக்கும் தாயைக் காண விடுப்பு இல்லாமல் திகைக்கும் நிலையும் வருகிறது.

திக்குவிரதம், வாழ்நாள் முழுமைக்கும் திசைகளில் செல்லும் எல்லையை வரையறுப்பது. தேசாவகாசிகம், அவ்வெல்லையைக் குறித்த காலத்திற்கு மேலும் சுருக்கிக்கொள்வது. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இவ்வெல்லையை வீடு, ஊர், வயல், ஆறு, காடு என்று இடத்தாலும், ஆண்டு, பருவம், மாதம், பக்கம் என்று காலத்தாலும் குறித்துக்கொள்ளலாம் என்று விளக்குகிறார். ஓய்வின்றி அலையும் இன்றைய வாழ்வுக்கு இதனினும் பொருத்தமான விரதம் வேறொன்று உண்டோ?

தீபாவளி நமக்கு மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். அதன் மறுநாள் வீரநிர்வாண ஆண்டு பிறக்கிறது. அந்நாளில் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, வரும் ஆண்டின் பயணங்களை எழுதிக்கொள்ளலாம். எழுதும் வரிசை இதுவாகட்டும்: முதலில் பெற்றோர், இருபக்கத்துப் பெற்றோரும் ஒப்ப, அடுத்து நோயுற்றோரும் துணையிழந்தோரும், அடுத்து ஊர் ஜினாலய விழாவும் மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவும், இவற்றின் பின்னரே மற்ற விழாக்கள். விழா வீட்டில் நூறு பேர் கூடுவர். நாம் இல்லாத குறை ஒரு வாழ்த்து மடலால் தீரும். தனித்திருக்கும் முதியவளின் திண்ணையில் நாம் இல்லாத குறையை நிரப்ப வேறு எவரும் இல்லை.

செல்ல இயலாத விழாவுக்கு, 'இவ்வாண்டு எங்கள் பயணத்தை இவ்வளவென்று வரையறுத்துக்கொண்டோம்' என்று பணிவோடு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். வருவதாகச் சொல்லி வராதிருத்தல் வாய்மைக்கு ஊறு. வர இயலாதென்று உண்மையுரைத்தல் உறவுக்கு ஊறாகாது. அழைத்தவரும் அதனைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். வராதவரைப் பழிக்கும் வழக்கத்தை விட்டொழித்தால், நம் சமுதாயத்தில் பாதி நெருக்கடி தீர்ந்துவிடும்.

பணிக்கு வரம்பு

தொழில் செய்தல் பாவமா என்று சிலர் வினவுவர். இம்சை நால்வகைப்படும்: வேண்டுமென்றே செய்வது, இல்லத்து வேலைகளால் நேர்வது, தொழிலால் நேர்வது, தற்காப்பால் நேர்வது. இவற்றுள் முதலாவதை முற்ற விடுதலே இல்லறத்தான் கடன். ஏனையவற்றைக் கூடியவரை குறைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நேர்மையான உழைப்பு இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டதன்று. ஆலையில் இரவு முறையில் வேலை செய்வோரும், கடன் தீர்க்கக் கூடுதல் நேரம் உழைப்போரும் இவ்வுரையால் மனம் வருந்த வேண்டா. அவர் உழைப்பும் குடும்பத்தைக் காக்கும் அறமே.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, தேவை தீர்ந்தபின்னும் நிற்காத ஓட்டத்தை. அடுத்த வீட்டாரின் மகிழுந்தை நோக்கி ஓடும் ஓட்டத்திற்கு எல்லை இல்லை. வீடு திரும்பியபின்னும் கைப்பேசியில் அலுவலகத்தைச் சுமந்திருத்தலும், அதனை விட்டபின் பயனற்ற காட்சிகளில் இரவைக் கழித்தலும் அனர்த்த தண்டத்தில் சேரும். பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், வீணே திரிதல் ஆகியவற்றை அவ்விரதத்தின்கண் நூலோர் விலக்கினர். வீணே திரிவது கால் மட்டுமன்று; கண்ணும் விரலும் திரிகின்றன.

இதற்குச் சாமாயிகத்தையே வரம்பாகக் கொள்ளலாம். பணி முடித்து வந்தபின் ஒரு முகூர்த்தம், இயலாதவர் அதன் பாதியேனும், கைப்பேசியை அடக்கி வைத்து, விருப்பு வெறுப்பின்றி அமர்ந்திருத்தல் வேண்டும். அலுவலகத்தில் மூண்ட சினம் அடங்கிய பின்னரே குழந்தையிடமும் முதியோரிடமும் பேச அமர்வது நலம். சினத்தோடு நீட்டும் சோறு பெற்றோர்க்கு உணவாகாது.

இரவு உண்ணாமை நோன்பு நகரப் பணியால் தளர்வதையும் காண்கிறோம். பணி முடிந்து வீடு சேருமுன் கதிரவன் மறைந்துவிடுகிறான். நாள்தோறும் இயலாதவர், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலுமேனும் குடும்பத்தார் அனைவரும் பொழுது சாயுமுன் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம். ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தாவும் பாட்டியும் அவ்வேளையில் தனித்து உண்ணும் நிலை நீங்கும். அணுவிரதம் என்னும் பெயரே சிறிதாகத் தொடங்குக என்று நமக்கு இடம் தருகிறது.

பணிவிடைக்கு நாள்

இத்தனை அளவுகளும் எதற்காக? சமந்தபத்திரர் நான்காம் சிட்சாவிரதத்திற்கு வையாவிருத்தியம் என்றே பெயர் தந்தார். பணிவிடை என்பது அதன் பொருள். அது முதற்கண் துறவோர்க்குரியது. எனினும் தத்துவார்த்த சூத்திரம் அதனை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்து, நோயுற்றோரையும் அதற்குரியோர் வரிசையில் சேர்க்கிறது. துறவோர்க்குப் பணிவிடை செய்யக் கற்ற கை, தன்னைப் பெற்று வளர்த்தோரின் மூப்பிலும் நோயிலும் விலகி நிற்றல் முறையாகாது.

உத்தாயன மன்னன் வரலாறு நாம் அறிந்ததே. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவன் அவன். அவனைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், தொழுநோயால் நாறும் உடலுடைய முனிவராய் வடிவெடுத்து வந்தான். மன்னன் படைத்த உணவனைத்தையும் உண்டு, அங்கேயே கக்கினான். நாற்றம் பொறாது சூழ நின்றோர் ஓடினர். மன்னனும் தேவி பிரபாவதியும் மட்டும் அகலவில்லை. 'ஒவ்வாத உணவை இட்டுவிட்டேனே' என்று தன்னையே நொந்த மன்னன், தன் கையாலேயே அவ்வுடலைக் கழுவித் தூய்மை செய்தான். அவனுக்கு ஏவலர் இல்லையா? அரசாளும் பணி இல்லையா? இரண்டும் இருந்தன. இது மட்டும் தன் கையால் செய்ய வேண்டியது என்பதை அவன் அறிந்திருந்தான்.

ஊரிலுள்ள பெற்றோர்க்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். உதவிக்கு ஆள் வைத்திருக்கிறோம். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறோம். இவை யாவும் தேவையே. ஆயின் பணம் சென்று நகம் வெட்டிவிடாது. குரல் சென்று முதுகு நீவிவிடாது. ஆண்டில் சில நாள்களேனும் நம் கை அங்குச் சென்றாக வேண்டும். சென்ற இடத்திலும் விருந்தினராய் அமர்ந்து உண்டு திரும்பாமல், ஓட்டைப் பிரித்து ஒழுக்கை அடைத்தல், கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், உடன் சென்று ஜினாலயத்தில் தரிசனம் செய்வித்தல் என்று அவர்க்கு வேண்டியதைக் கேட்டுச் செய்வதே காணச் சென்றதன் பயன்.

அன்னையின் உள்ளம் அறிந்து நடந்த பெருமகன் ஒருவனை நம் வரலாறு போற்றுகிறது. கங்க மன்னர்களின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர் சாமுண்டராயர். போர்க்களமும் அரசவையும் அவர் நாள்களை விழுங்கின. அவற்றிடையே அவர் புராணமும் இயற்றினார். தாய் காளலதேவி, போதனபுரத்துப் பாகுபலி உருவைக் காண விரும்பினாள் என்றும், மைந்தர் ஏவலரோடு அவளை அனுப்பாமல் தாமே உடன் புறப்பட்டார் என்றும், அப்பயணமே சிரவணபெளகொளவில் கோமடேசுவரர் திருவுருவம் எழக் காரணமாயிற்று என்றும் மரபு கூறும். பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஏறத்தாழ 981இல் எழுந்த அவ்வுருவத்தை இன்றும் உலகம் தொழுகிறது. நாம் மலையைச் செதுக்க வேண்டியதில்லை. 'அம்மா, எங்குச் சென்றுவர விரும்புகிறீர்கள்?' என்று ஒருமுறை கேட்டு, உடன் சென்றால் போதும்.

அச்சாமுண்டராயரின் குடும்பத்திற்கும் கொங்கு மண்ணுக்கும் தொடர்பு உண்டு. பெருந்துறைக்கு அண்மையிலுள்ள விசயமங்கலம் சந்திரப்பிரபர் கோயிலில், அவர்தம் தங்கை புள்ளப்பை சல்லேகனை நோற்று உயிர் நீத்ததன் நினைவுக் கல் உள்ளது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் சீனாபுரம் என்பர், அதுவும் அப்பக்கத்ததே. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், சேர இளங்கோ ஒருவன் சமண முனிவர்க்கு அமைத்துத் தந்த கற்படுக்கைகள் தமிழ்ப் பிராமி எழுத்தோடு இன்றும் காணக் கிடைக்கின்றன. ஆகவே கோவையில் வாழும் நம்மவர் அந்நிய மண்ணில் வாழவில்லை. பெற்றோர் வந்து தங்கும் நாள்களில் அவர்களை அடுக்குமாடியின் நான்கு சுவர்களுக்குள் இருத்திவிடாமல், ஒரு ஞாயிறு காலையில் விசயமங்கலத்திற்கு அழைத்துச் செல்லலாம். பேரர்களுக்கு அதுவே வரலாற்றுப் பாடமாகும். முதியோர்க்கு அதுவே தீர்த்த யாத்திரையாகும்.

அன்பர்களே! மூன்று கடமைகளையும் முழுமையாகச் செய்து முடித்தவர் எவருமில்லை. அதனால் மனம் தளர வேண்டா. பொருளுக்கு அளவு செய்யுங்கள், வீடு இலகுவாகும். போக்குக்கு எல்லை இடுங்கள். செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்ல நாள் கிடைக்கும். பணிக்கு வரம்பு கட்டுங்கள்; உள்ளம் வீடு திரும்பும். அவ்வாறு மிச்சமான காலத்தை மூத்தோர் பணிவிடையில் செலவிடுங்கள். அளவு செய்யாமல் ஒன்றையே விட்டுவிடக் கூடாது, அன்பு அது. மூத்தோர் நம்மை எதிர்நோக்கியிருக்கும் நாள்கள் அளவுக்குட்பட்டவை. ஆயுள் வினை தீர்ந்தபின் எத்தனை நாள் விடுப்பெடுத்தாலும் அவர்களைக் காண இயலாது.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்தல் ஜினதருமத்தின் அடிப்படை. அவ்வுதவி நம் வீட்டு முற்றத்திலிருந்து தொடங்கட்டும். வரும் வீரநிர்வாண ஆண்டு பிறக்கும்போது, நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அளவு விரதம் பிறக்கட்டும்.

மும்மணிகள் ஓங்குக! அறம் வளர்க! எவ்வுயிர்க்கும் நலம் பெருகுக!